செவிலிய மாணவர்களிடம் தீங்கான ஆண்மைக் கருத்துகளை அளப்பது: இரண்டு ஊர்களில் ஒரே படிவத்தை நடத்த முழுமையான வழிகாட்டி

எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வேட்டுக்கோ பிஎச்.டி.க்கோ இந்தத் தலைப்பை எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகிறார்கள். இணையத்தில் ஓர் ஆங்கில அளவுகோல், அதாவது உடன்படுகிறீர்களா என்று கேட்கும் கூற்றுகளின் தொகுப்பு, கிடைக்கிறது. இரண்டு நாளில் தமிழாக்கி, நிபுணர் ஐந்து பேரிடம் கையெழுத்து வாங்கி, இரண்டு இடங்களில் படிவம் கொடுக்கிறார்கள். சராசரிகளை ஒப்பிட்டு "இங்கே அதிகம், அங்கே குறைவு" என்று முடிவு எழுதுகிறார்கள். அந்த ஒரு வரியைத் தாங்குகிற வேலை அதற்கு முன்னால் எதுவுமே நடந்திருக்காது.

தமிழ்நாட்டு பி.எஸ்சி. நர்சிங் மாணவர்களையும் வட இலங்கைத் தமிழ்த் தாதிய மாணவர்களையும் ஒப்பிடும் ஆய்வை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். மொழி ஒன்றுதானே, பாதி வேலை மிச்சம் என்று தோன்றும். அப்படி மிச்சமாவது ஒன்றுமில்லை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு நாட்டிலும் நாட்டுக்கொரு பொறுப்பாளர் வேண்டும். மற்ற நாட்டில் இருப்பவர் படிவம் வாங்கித் தருகிற உதவியாளராக மட்டும் இருந்தால் பிழைகள் கடைசியில்தான் தெரியும். முதல் கூட்டத்திலிருந்தே அவர் உள்ளே இருக்கட்டும்.

புள்ளியியல் தெரிந்தவரை இப்போதே பிடியுங்கள். தரவெல்லாம் சேர்ந்த பிறகு எக்செல் கோப்போடு போய் நின்றால், "இத்தனை பேர் போதாதே" என்று அவர் சொல்வதைக் கேட்பதைத் தவிர வேறு வழி இருக்காது. காரணிப் பகுப்பாய்வையும் (எந்தெந்தக் கூற்றுகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கருத்தை அளக்கின்றன என்று பார்ப்பது) குழு ஒப்பீட்டையும் சேர்த்துச் செய்ய, குழுவுக்கு 200 பேராவது வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. கூற்றுகள் கூடினால் இதுவும் கூடும்.

ஆய்வு நெறிக்குழுவின் ஒப்புதல் இரண்டு நாட்டிலும் தனித்தனியாக வாங்க வேண்டியிருக்கும். அதிக காலம் தின்பது இதுதான், அதனால் மொழிபெயர்ப்பு நடக்கும்போதே விண்ணப்பத்தைத் தயார்செய்யத் தொடங்குங்கள்.

2. எதை அளக்கப் போகிறீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். ஆண்மை பற்றிய அளவுகோல்கள் எல்லாம் ஒரே பொருளை அளப்பதில்லை. குறைந்தது நான்கு வகை உண்டு. "ஆண்கள் இப்படித்தான் இருக்க வேண்டும்" என்று ஒருவர் நம்புவது ஒன்று. அந்த விதிப்படி தானே நடப்பது இன்னொன்று. அதனால் தனக்குள் படும் சங்கடம் மூன்றாவது. "என் ஊரில் எல்லாரும் இப்படி நினைக்கிறார்கள்" என்ற கணிப்பு நான்காவது. ஒன்றை அளந்துவிட்டு மற்றொன்றைப் பற்றி எழுதினால் ஆய்வு அங்கேயே முடிந்தது.

செவிலிய மாணவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆகவே நமக்கு வேண்டியது முதல் வகை, அதாவது நம்பிக்கை. ஒரு பெண்ணாலும் "ஆண்கள் வலியை வெளியே காட்டக் கூடாது" என்பதற்கு ஆம், இல்லை சொல்ல முடியும். "எனக்கு உதவி கேட்பது பிடிக்காது" என்பதற்கு அவர் சொல்லும் பதில் ஆண்மையைப் பற்றி எதுவும் சொல்லாது. பெண்களுக்கு இப்படிக் கருத்து இருக்குமா என்று தயங்க வேண்டாம். மனைவியை அடிப்பது சரியா என்ற கேள்வியை இந்தியாவின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு ஏழு சூழல்களைச் சொல்லிப் பெண்களிடமும் ஆண்களிடமும் கேட்கிறது. சரி என்று சொல்கிறவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள்.

அடுத்தது "தீங்கான" என்ற சொல்லுக்கு எல்லை. குடும்பத்தைக் காப்பாற்றுவது ஆணின் கடமை என்று ஒரு மாணவி நினைத்தால், அதைத் தீங்குப் பட்டியலில் சேர்ப்பீர்களா? நான் சேர்க்க மாட்டேன். வன்முறையை நியாயப்படுத்துவது, பெண்ணை அடக்கி வைப்பது, வலியையும் மனக்கஷ்டத்தையும் மறைக்கச் சொல்வது, உதவி தேடுவதைக் கேவலமாக நினைப்பது, தன்பாலீர்ப்பாளர்களை இழிவாகப் பார்ப்பது என்று தீங்கு தெளிவாகத் தெரிகிறவற்றோடு நிறுத்துங்கள். ஒவ்வொன்றையும் வார்டில் என்ன விளைவு என்று கேட்டுப் பாருங்கள். "ஆம்பளைதானே, தாங்கிக்குவார்" என்று நினைக்கிற செவிலியர் வலி மருந்தைத் தாமதிக்கக்கூடும். அடிபட்டு வந்த பெண்ணிடம் "என்ன நடந்தது" என்று தனியாகக் கேட்பாரா என்பதும் இந்தக் கருத்தோடு சம்பந்தப்பட்டது. இப்படித் தொழிலோடு ஒட்டாத பகுதியை விட்டுவிடுவது நல்லது. படிவமும் சின்னதாகும்.

3. அளவுகோலைத் தேர்வது

புதிதாக ஒன்று எழுதப் போகாதீர்கள், அது தனி ஆய்வு. ஏற்கெனவே இருப்பதிலிருந்து எடுங்கள். எதை எடுத்தாலும் அது யாரிடம் உருவானது என்பதை முதலில் பாருங்கள்.

2003-இல் மஹாலிக்கும் குழுவினரும் வெளியிட்ட சி.எம்.என்.ஐ. அளவுகோலில் 94 கூற்றுகள், 11 உட்பிரிவுகள். கூற்றுகள் பெரும்பாலும் "நான்" என்ற இடத்திலிருந்து பேசுபவை, அதாவது விதிப்படி நடப்பதை அளப்பவை. நம் வேலைக்குப் பொருந்தாது. லெவன்ட்டின் எம்.ஆர்.என்.ஐ. குறும்படிவம் 21 கூற்றுகளும் 7 உட்பிரிவுகளும் கொண்டது. "ஆண்கள் இப்படி இருக்க வேண்டும்" என்ற நடையில் இருப்பதால் பெண்களிடமும் கேட்கலாம். 2024-இல் வெளிவந்த 28 கூற்றுகள் கொண்ட நச்சு ஆண்மை அளவுகோலின் பெயரைப் பார்த்ததும் பலர் அதன்மேல் பாய்கிறார்கள். அது அமெரிக்காவின் வெள்ளையினக் கல்லூரி ஆண்களிடம் உருவானது. பெயர் பொருந்துகிறது என்பதற்காக எடுக்க வேண்டாம்.

ஆண்-பெண் சமத்துவம் பற்றிய கருத்துகளை அளக்கும் ஜெம் அளவுகோல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் ஆண்களை வைத்து உருவானது. ஜூலி புல்வெர்விட்சும் கேரி பார்க்கரும் 2008-இல் வெளியிட்டார்கள். 24 கூற்றுகள், மூன்றே பதில்கள். மும்பை இளைஞர்களிடம் சமத்துவக் கருத்துகளை வளர்க்க நடந்த யாரி தோஸ்தி திட்டத்திலும் இதைத் தழுவிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வன்முறை, வீட்டு அதிகாரம், குழந்தை வளர்ப்பு எல்லாம் இதில் நேரடியாக வருவதால் நம் எடுத்துக்காட்டுக்கு இதையே எடுத்துக்கொள்கிறேன். குறை என்னவென்றால், வலியை மறைப்பதும் உதவி தேட மறுப்பதும் இதில் போதுமான அளவு இல்லை. அந்தப் பகுதிக்கு இன்னொரு அளவுகோலின் ஓர் உட்பிரிவை முழுதாகச் சேர்க்கலாம். இங்கொன்று அங்கொன்றாகப் பொறுக்கினால் இரண்டு அளவுகோலின் நம்பகத்தன்மையும் உங்களுக்கு உதவாது.

4. அனுமதியும் நெறியும்

மொழிபெயர்க்கத் தொடங்கும் முன்பே அளவுகோலின் உரிமையாளருக்கு எழுதிக் கேளுங்கள். தமிழ்ப் படிவம் ஏற்கெனவே யாரிடமாவது இருக்கிறதா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். பதில் வர நாளாகும், வந்த பதிலை ஆய்வேட்டில் இணைக்க வேண்டும்.

இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங்கில் 17 வயதிலேயே சேரலாம். அதாவது முதலாண்டு வகுப்பில் சிலர் சட்டப்படி இன்னும் சிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைப்படி அவர்களுக்குப் பெற்றோர் சம்மதமும் அவர்களுடைய இசைவும் தேவை. இதை மறந்துவிட்டுப் பிறகு முதலாண்டுப் படிவங்களை மொத்தமாக ஒதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். முதலாண்டை விட்டுவிடுவது எளிய வழி. அப்படியானால் இரண்டு நாட்டிலும் விட வேண்டும்.

தன்பாலீர்ப்பு பற்றிய கூற்றுகள் இருந்தால் சட்ட நிலையை மனதில் வையுங்கள். இந்தியாவில் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தளர்த்தியது. இலங்கையில் அதே வகையான, தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகளை நீதிமன்றம் அப்படித் தளர்த்தவில்லை. ஒரே கூற்றுக்கு ஓர் ஊரில் கருத்து மட்டும் பதிலாக வரும், இன்னோர் ஊரில் பயமும் கலந்து வரலாம்.

5. மொழிபெயர்ப்பு

அளவுகோல்களை மொழிமாற்ற பீட்டனும் குழுவினரும் 2000-இல் வகுத்த வரிசை இன்றும் போதும். இருவர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும், ஒருவருக்குத் துறை தெரியும், மற்றவருக்குத் தெரியாது. இரண்டையும் ஒன்றாக்கிய பிறகு, மூலத்தைப் பார்க்காத இருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். அப்புறம் குழு கூடி முடிவு செய்யும், 30 முதல் 40 பேரிடம் முன்சோதனை நடக்கும். துறை தெரியாதவர் எதற்கு என்று கேட்பார்கள். மாணவர்கள் பேசுகிற தமிழை அவர்தான் எழுதுவார், பேராசிரியர் பாடப்புத்தகத் தமிழில் எழுதிவிடுவார்.

திரும்ப மொழிபெயர்ப்பு சரியாக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது பெரிய ஏமாற்றம். சொல்லுக்குச் சொல் வைத்த கட்டைத் தமிழ்தான் ஆங்கிலத்துக்கு மிக அழகாகத் திரும்பிப் போகும்! ஜெம் அளவுகோலில் குழந்தைக்கு டயப்பர் மாற்றுவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் தாயின் பொறுப்பு என்றொரு கூற்று உண்டு. "டயப்பர்" என்றே வைத்தால் திரும்ப மொழிபெயர்ப்பில் நூறு மதிப்பெண். ஆனால் வெளியூர் போகும்போது மட்டும் டயப்பர் போடுகிற வீட்டில் வளர்ந்த மாணவிக்கு அந்த வேலை நினைவுக்கே வராது. "குழந்தைக்குக் கால் கழுவிவிடுவது" என்று எழுதுங்கள். ஆண் செய்வானா மாட்டானா என்ற கேள்வி உடனே உயிர் பெறும். திரும்ப மொழிபெயர்ப்பு மூலத்தோடு ஒத்துப்போகாது, பரவாயில்லை. ஏன் மாற்றினோம் என்று குழுக் குறிப்பில் எழுதி வைத்தால் போதும்.

இனி இரண்டு ஊர்ச் சிக்கல். தமிழ்நாட்டில் செவிலியர், இலங்கையில் தாதியர். தமிழ்நாட்டு மாணவிக்கு விடுதி என்றால் ஹாஸ்டல், இலங்கை வைத்தியசாலையில் நோயாளிகள் படுத்திருக்கும் வார்டு. "விடுதியில் ஆண் சத்தம் போட்டால் பொறுத்துப் போக வேண்டும்" என்ற வரியை இரு பக்கமும் வேறு வேறு காட்சியாக வாசிப்பார்கள், இருவருமே புரிந்தது என்பார்கள். ஆகவே ஒரே தமிழ்ப் படிவம் வேண்டாம். பொதுவான வரிகளும் ஊருக்கு ஊர் மாறும் சில சொற்களுமாக இரண்டு படிவம் வையுங்கள். எந்தெந்தச் சொல் மாறியது என்று ஒரு பட்டியலும் வேண்டும்.

எதிர்மறைக் கூற்றுகளில் கவனம். "ஆண்கள் அழக் கூடாது என்பது சரியல்ல" என்று எழுதி அதற்கு "உடன்படவில்லை" என்ற கட்டத்தையும் வைத்தால், மூன்று மறுப்பை ஒருவர் தலைக்குள் கூட்டிக் கழிக்க வேண்டும். சமத்துவத்தை ஆதரிக்கும் கூற்று வேண்டுமானால் நேராக எழுதுங்கள்: "ஆண்களும் மனம் விட்டு அழலாம்."

6. நிபுணர் பார்வை, அப்புறம் மாணவரோடு உட்காருவது

நிபுணர்கள் ஐந்து பேர், செல்லுபடிச் சான்றிதழ், கையெழுத்து. இந்தச் சடங்கை எல்லாருக்கும் தெரியும். சான்றிதழோடு நிற்காமல், ஒவ்வொரு கூற்றுக்கும் 1 முதல் 4 வரை பொருத்த மதிப்பு போடச் சொல்லுங்கள். 3 அல்லது 4 போட்டவர்களின் பங்கைக் கணக்கிட வேண்டும். ஐந்து பேரோ அதற்குக் குறைவோ என்றால் அத்தனை பேரும் ஒத்துப்போக வேண்டும், ஆறு பேரிலிருந்து 0.78 போதும். நிபுணர்களில் வார்டில் வேலை செய்கிற ஒரு ஆண் செவிலியராவது இருக்கட்டும்.

நிபுணர்கள் பிடிக்காததை மாணவர்கள் பிடிப்பார்கள். ஊருக்குச் சிலராக, ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார்ந்து, கூற்றை வாசிக்கச் சொல்லி, "இதைப் படிக்கும்போது யார் நினைவுக்கு வந்தார்கள்?" என்று கேளுங்கள். "புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "புரிந்தது மேடம்" என்ற பதில்தான் வரும்.

"வீட்டில் கடைசி முடிவு ஆணுடையதாகத்தான் இருக்க வேண்டும்" என்ற கூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவி தன் அப்பாவை நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறாள். மாணவன் நாளைக்குத் தான் நடத்தப்போகும் குடும்பத்தை நினைக்கிறான். அப்பா வெளிநாட்டில், வீட்டை அம்மாதான் நடத்துகிறார் என்றிருக்கும் மாணவி "எங்கள் வீட்டில் அது நடக்காது" என்று உள்ளதைச் சொல்கிறாள், அவள் நம்பிக்கை என்ன என்பது வெளியே வரவே இல்லை. "கணவன் மனைவிக்குள் கருத்து வேறுபாடு வந்தால், கணவன் சொல்வதே கடைசி முடிவாக இருக்க வேண்டும்" என்று திருத்தினால் மூவரும் ஒரே இடத்துக்கு வருகிறார்கள். இந்த உரையாடல்களைக் கூற்று வாரியாக எழுதி வையுங்கள். படி 9-இல் எண்கள் சண்டை போடும்போது இந்த நோட்டுதான் விளக்கம் தரும்.

7. படிவத்தின் அமைப்பும் முன்னோட்டமும்

மேலே "நச்சு ஆண்மை" என்று தலைப்புப் போடாதீர்கள். பாதிப் பேர் சரியான பதில் எது என்று அங்கேயே கண்டுபிடித்துவிடுவார்கள். "ஆண், பெண், குடும்பம் குறித்த மாணவர் கருத்துகள்" போதும். சம்மதப் படிவத்தில் பொய் சொல்லாமல் பொதுவாகச் சொன்னால் நெறிக்குழுவும் ஏற்கும்.

வயது, ஆண்டு, பாலினம், மதம், ஊர், விடுதியா வீடா என்று பக்கம் முழுக்க விவரம் கேட்காதீர்கள். ஒரு வகுப்பில் நாலு பையன்கள்தான் இருக்கிறார்கள். பாலினத்தையும் ஆண்டையும் சேர்த்தாலே யார் எழுதியது என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். பகுப்பாய்வில் பயன்படுத்தப் போவதை மட்டும் கேளுங்கள்.

முன்னோட்டத்தில் பார்க்க வேண்டியவை மூன்றுதான்: எத்தனை நிமிடம் ஆகிறது, எந்தக் கூற்றைக் காலியாக விடுகிறார்கள், எந்தக் கூற்றுக்கு எல்லாரும் ஒரே பதில் போடுகிறார்கள். மனைவியை அடிக்கலாம் என்ற கூற்றுக்குக் கிட்டத்தட்ட எல்லாரும் "உடன்படவில்லை" என்றால் அது ஆளைப் பிரித்துக் காட்டாது. அதற்காக உடனே தூக்கிவிடாதீர்கள், அடுத்த ஊரில் அது வேலை செய்யலாம்.

8. படிவம் கொடுக்கும் நாள்

வகுப்பில் டியூட்டர் நிற்கக் கூடாது. உள் மதிப்பீட்டு மதிப்பெண் போடுகிறவர் முன்னால் ஒரு மாணவர் "விருப்பமில்லை" என்று எழுந்து போவார் என எதிர்பார்ப்பது நியாயமில்லை. படிவத்தை உறையில் போட்டு, பெட்டியில் இடச் சொல்லுங்கள். வெற்றுப் படிவத்தையும் உறையில் போடலாம் என்று முன்பே சொல்லிவிட்டால் மறுப்பவர் யாரென்று தெரியாது.

கூகுள் படிவம் என்றால் மின்னஞ்சல் சேகரிக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். இணைப்பை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பத்து நிமிடத்தில் விவாதம் தொடங்கிவிடும், பின்னால் வரும் பதில்கள் அந்த விவாதத்தின் பதில்கள். இரண்டு ஊரிலும் ஒரே முறையைப் பயன்படுத்துங்கள். ஓரிடத்தில் தாளும் மற்றோரிடத்தில் கைபேசியுமாக நடத்தினால், பிறகு வரும் வேறுபாடு ஊருடையதா முறையுடையதா என்று பிரிக்க முடியாது.

நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொள்ளும் போக்கைத் தனியாக அளக்க ரெய்னால்ட்ஸ் 1982-இல் சுருக்கிய 13 கூற்றுப் படிவம் உண்டு. சேர்க்கலாம். ஆனால் அதற்கும் படி 5, 6 இரண்டும் பொருந்தும்.

9. எண்களோடு உட்காருவது

முதலில் துப்புரவு. எத்தனை விடுபட்ட பதில் வரை ஏற்பது, எல்லாவற்றுக்கும் ஒரே கட்டத்தில் டிக் போட்டவரை என்ன செய்வது என்ற விதிகளைத் தரவைப் பார்க்கும் முன் எழுதி வையுங்கள். சமத்துவக் கூற்றுகளின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட மறப்பது எல்லாரும் செய்யும் தவறு. கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைக் காட்டும் நம்பகத்தன்மை எண்ணான ஆல்ஃபா வழக்கத்துக்கு மாறாகத் தாழ்ந்தால் அங்கேதான் முதலில் பாருங்கள்.

அடுத்து ஒவ்வொரு குழுவிலும் தனித்தனியாகக் காரணி அமைப்பு நிற்கிறதா என்று பாருங்கள். மூன்று பதில் உள்ள படிவத்தைத் தொடர் எண்ணாக நடத்தக் கூடாது, வரிசைத் தரவுக்கான (பதில்களுக்கு வரிசை மட்டும் உண்டு, இடைவெளி சமம் என்று சொல்ல முடியாது) மதிப்பீட்டு முறை வேண்டும். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் லவான் என்ற தொகுப்பு இதை இலவசமாகச் செய்யும். ஆல்ஃபாவோடு, இன்னொரு நம்பகத்தன்மை எண்ணான ஒமேகாவையும் கொடுங்கள்.

அப்புறம்தான் ஒப்பீட்டுக்கான கேள்வி: இரு குழுவுக்கும் இந்த அளவுகோல் ஒன்றுதானா? இரண்டு ஊரில் இரண்டு பூக்காரர்களிடம் ஐந்து முழம் வாங்கினால், அளந்த கை வேறு என்பதால் நீளம் வேறாக இருக்கும். எண் மட்டும் ஒன்று. அந்தக் கையைச் சோதிப்பதுதான் அளவீட்டு மாறாமைச் சோதனை. மூன்று படி: அமைப்பு ஒன்றா, கூற்றுகளுக்கும் காரணிக்கும் உள்ள பிணைப்பின் வலு ஒன்றா, ஒரே அளவு நம்பிக்கை உள்ள இருவர் ஒரே கட்டத்தில் டிக் போடுகிறார்களா. வரிசைத் தரவில் கடைசிப் படி, கட்டங்களுக்கு இடையிலான எல்லைகளைச் சமமாக்கிப் பார்ப்பது. ஒவ்வொரு படியிலும் சி.எஃப்.ஐ. (நாம் வைத்த அமைப்பு தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்) 0.01-க்கு மேல் விழக் கூடாது என்பது சியுங், ரென்ஸ்வோல்டு 2002-இல் தந்த எல்லை. வரிசைத் தரவுக்கு அதை வழிகாட்டியாக மட்டும் கொள்ளுங்கள்.

மூன்றாவது படி தேறாமல் சராசரிகளை ஒப்பிடக் கூடாது. பெரும்பாலும் அங்கேதான் உடையும். உடைந்தால் பதற வேண்டாம். எந்தக் கூற்று இழுக்கிறது என்று பார்த்து, படி 6 நோட்டில் அதே கூற்றின் பக்கத்தைத் திறங்கள். காரணம் அங்கே எழுதியிருந்தால் அந்த ஒன்றிரண்டு கூற்றுகளை மட்டும் இரு குழுவிலும் சமம் என்ற நிபந்தனையிலிருந்து விடுவித்துப் பகுதி மாறாமையோடு தொடரலாம். காரணமே தெரியாமல், எண் சரியாகும் வரை கூற்றுகளை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டே போனால் அது வெறும் தையல் வேலை.

ஆண், பெண் ஒப்பீட்டுக்கும் இதே சோதனை வேண்டும். ஆனால் சிலரே உள்ள ஆண்களை வைத்து அதைச் செய்ய முடியாது. என் யோசனை: முதன்மை ஒப்பீட்டைப் பெண்களுக்குள் மட்டும் நடத்துங்கள். ஆண்களின் பதில்களைத் தனியாக விவரியுங்கள், அல்லது பல கல்லூரிகளில் ஆண் மாணவர்களை மட்டும் தேடிச் சேருங்கள். மொத்தமாகக் கலந்துவிட்டால், ஆண்கள் அதிகமுள்ள ஊரின் எண் வெறும் அதனாலேயே மாறும்.

10. எழுதும்போது

50 சதவீதத்துக்குக் கீழ் "குறைவு", 75-க்கு மேல் "அதிகம்" என்று மூன்றாக வெட்டும் பழக்கம் அறிவுத் தேர்வுகளிலிருந்து வந்தது. இந்த அளவுகோல்களில் அப்படி வெட்ட ஆதாரம் இல்லை. "மாணவர்களில் இத்தனை பேருக்கு மிதமான நச்சு ஆண்மை" என்று ஒரு வரி எழுதினால் நாளிதழ் அதைத்தான் தலைப்பாக்கும். மதிப்பெண்ணை மதிப்பெண்ணாகவே வைத்து, வேறுபாட்டின் அளவையும், அது எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்று காட்டும் புள்ளியியல் நம்பிக்கை இடைவெளியையும் கொடுங்கள். மதம், தாயின் கல்வி, சைவமா அசைவமா என்று எல்லாவற்றோடும் தொடர்பு உண்டா என்று கை-வர்க்கச் சோதனை போடுவதையும் விடுங்கள். இருபது சோதனை போட்டால் ஒன்று தற்செயலாகவே தேறும்.

இரண்டு கல்லூரி வேறுபாட்டை இரண்டு பண்பாட்டு வேறுபாடு என்று எழுதாதீர்கள். நகரம், கட்டணம், சேர்க்கை முறை எல்லாமே வேறாக இருக்கலாம். எந்தக் கல்லூரிகள், யார் விடுபட்டார்கள் என்பதைப் பெயர் தெரியாதபடி விவரித்தால் வாசிப்பவர் முடிவு செய்துகொள்வார். கல்லூரிக்குத் திருப்பித் தரும் அறிக்கையில் ஆண்டு வாரியான எண்கள் வேண்டாம், ஆண்கள் அடையாளம் தெரியும்.

பின்னிணைப்பில் இரண்டு ஊர்ப் படிவங்கள், மதிப்பெண் போடும் முறை, மாற்றிய சொற்களின் பட்டியல் மூன்றையும் சேருங்கள். முழுப் படிவத்தை வெளியிட உரிமையாளர் அனுமதிக்கவில்லை என்றால் திருத்திய கூற்றுகளையும் திருத்தியதன் காரணத்தையும் மட்டும் கொடுக்கலாம். அனுமதி கேட்கும் முதல் கடிதத்திலேயே இதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.